அரைச் சம்பளம்

மில் மதிலோரம் நின்று, முந்தானையில் முடிந்திருந்த சின்னக் கண்ணாடியை எடுத்தாள் அஞ்சலாட்சி. சிமிழைத் திறந்து நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டாள். கண்ணாடியை மறுபடி முடிந்துகொண்டு, அப்புறம்தான் வாசலைப் பார்த்து நடந்தாள்.

சம்பள ஜன்னலுக்குப் பின்னாலிருந்து குமாஸ்தா தெய்வசிகாமணி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் அம்மாவாசையும் பார்த்துவிட்டான். ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் ‘முசே’ என்றுதான் அவன் அவரைக் கூப்பிடுவான்.

“மாசாமாசம் இதே கூத்துதான் முசே. புருசன் சஸ்பெண்டுல கெடக்கறான், இவ சிங்காரத்தப் பாருங்க. எல்லாம் உங்களப் பாக்கத்தான் போல!”

“வாயக் கழுவுய்யா. போய் கேட்டப் பாரு.”

அதட்டினாரே தவிர, அவருக்கும் அது உறுத்தாமல் இல்லை.

அவள் புருஷன் முருகையன் தறிக்காரன். ஒரு பீஸ் துணி காணோம் என்று போன வருஷம் அவனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிரெஞ்சுக்காரன் காலமாக இருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரன் ஊரைவிட்டுப் போய் நாலு வருஷமாகிறது. மில்லிலும் விதி மாறிவிட்டது. விசாரணை முடிகிறவரை அரைச் சம்பளம் உண்டு. வேறு எங்கும் கூலிக்குப் போகவில்லை என்று மாதம் ஒரு தாளில் எழுதி, கைரேகை வைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் இரண்டு மாதம் முருகையனே வந்தான், இருமிக்கொண்டே. பிறகு முதலியார்பேட்டையில் வாடகை கொடுக்க முடியாமல், பாகூர் பக்கம் சொந்த ஊருக்கே குடும்பத்தோடு போய்விட்டான். அதிலிருந்து இவள்தான் தாளைக் கொண்டுவருகிறாள்.

“கும்பிடறேங்க.” ஜன்னல் கம்பிக்குள் தாளை நீட்டினாள்.

தெய்வசிகாமணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். கடைசி இரண்டு வரிகள் நேராகப் போகவில்லை. ரேகையின் மேல் படாமல், அதைச் சுற்றி வளைந்து ஏறியிருந்தன.

“யாரு எழுதினது?”

“கடைத்தெருவுல மனு எழுதறவருங்க.”

“காசு வாங்கத் தெரியுது, ஒரு வரி நேரா எழுதத் தெரியலை.” நோட்டில் பதிந்து, தாளில் முத்திரை குத்தி, கோப்பில் கோத்தார். “முருகையன் வேற எங்கயும் வேலைக்குப் போவலையே? யாராவது பாத்துச் சொல்லிட்டா இந்தப் பாதியும் நின்னுடும்.”

“சத்தியமா எங்கயும் போவலைங்க.” அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து அவள் சொன்னது அது ஒன்றுதான். “அத நிறுத்திடாதீங்க. மூணு புள்ளைங்களுக்கு அதுலதான் உலை வைக்கிறேன்.”

“யாரும்மா நிறுத்தறா? நல்ல சேதிதான் வந்திருக்கு. காணாமப்போன துணி கிடங்குலயே கெடச்சிடுச்சு. பேல் கட்டுக்குப் பின்னால எலி கடிச்சுக் கெடந்துதாம். உன் புருசன் மேல குத்தமில்லைன்னு நேத்து ஆர்டர் போட்டுட்டாங்க.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“திருடலைன்னு எழுதியே இருக்காங்களா?”

“எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. பன்னண்டு மாசத்துக்குப் புடிச்சுவச்ச மீதிப் பாதி மொத்தமும் அவனுக்குத்தான்.”

“அவரு அப்பவே சொன்னாருங்க,” என்றாள். “ஒருத்தரும் கேக்கலை.”

தெய்வசிகாமணிக்கு மனசு இளகிவிட்டது. பொட்டைப் பார்த்துத் தான் நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்து கொஞ்சம் கூசினார்.

“உடம்பு தேறட்டும், அப்புறம் வேலைக்கு வரட்டும். இப்ப இம்மாந்தூரம் அவன இழுத்துக்கிட்டு வராத. பாக்கிய வாங்கிக்கறேன்னு ஒரு தாள்ல எழுதி, ரேகை வச்சு நீயே எடுத்துட்டு வா. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

அவள் கோப்பில் கோத்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஐயா, இப்பக் குடுத்தேனே, அந்தத் தாளத் திருப்பித் தர்றீங்களா?”

“அதுலதான் எழுதி முத்திரையும் குத்தியாச்சே! அது எதுக்கு?”

“அந்த எழுத்த அழிச்சுட்டு...”

“மசி அழியுமா? என்ன பேச்சும்மா இது? ஒரு தாளுக்கா பஞ்சம்?” சிரித்துக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்து, புத்தம்புதிய வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து ஜன்னல் வழியே தள்ளினார். “இந்தா, மில் தாளே தர்றேன். ஒரே ஒரு ரேகை. அடுத்த வாரம் முழுப் பணத்தையும் எண்ணிக் குடுத்துடறேன்.”

அவள் தாளைத் தொடவில்லை. முந்தானையை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தாள். ஒரே இழுப்பில் குங்குமம் முழுவதும் போய்விட்டது.

“சாவறதுக்கு முந்தி பத்து வெறுந்தாள்லதாங்க ரேகை வச்சாரு. நீங்க முத்திரை குத்தினது பத்தாவது.”