சார்ட்டட் பஸ் கிண்டல்

"தலைக்குள்ள கட்டியோட இருக்கிற மனுஷனை வெச்சுக் கூத்தடிக்கிறீங்களே, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

ஆர்.கே.புரத்தில், ஆபீஸ்காரர்களை ஏற்றிப் போகும் சார்ட்டட் பஸ்ஸின் ஸ்டாப்பில், அத்தனை பேர் முன்னால் அம்சவேணி போட்ட போடில் பாலசுப்ரமணியம் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸின் கடைசி சீட்டுக்குப் போய்விட்டார்.

பின்னே என்னவாம்? அவள் புருஷன் இராஜமாணிக்கத்துக்கு வலது காது நரம்பில் கட்டி. புற்று இல்லை, பட்டாணி அளவுதான். இந்தக் கட்டி மெதுவாகத்தான் வளருமாம், சிலருக்கு வளராமலே கிடந்துவிடுமாம். வருஷம் ஒரு ஸ்கேன் எடுப்போம், வளர்ந்தால் கதிர்வீச்சோ ஆபரேஷனோ பார்க்கலாம் என்றிருந்தார் டாக்டர். ஆபரேஷன் என்றால் பக்கத்திலேயே ஓடும் முக நரம்பில் பட்டு வாய் கோணிப் போகவும் கூடும் என்று தெரிந்ததிலிருந்து அம்சவேணிக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பாலசுப்ரமணியமோ பக்கத்துக் குவார்ட்டர்ஸ், ஒரே ஆபீஸ். தினமும் காலையில் ஸ்டாப்புக்கு வந்ததும், "மாணிக்கம், பல்லு தேய்ச்சியா? காட்டு" என்பார். கன்னத்தை உப்பச் சொல்வார். விசிலடிக்கச் சொல்வார். நடைபாதை ஓரக் கல்லின் மேல் சர்க்கஸ்காரன் மாதிரி நடக்க வைப்பார். பஸ்ஸுக்குள் இருக்கும் சர்தார்ஜி வரைக்கும் சிரிப்பார்கள். வெட்கமில்லாமல் மாணிக்கமும் சேர்ந்து சிரிப்பார்.

அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டதும் பாலசுப்ரமணியம் அடுத்த ஸ்டாப்பில் போய் ஏற ஆரம்பித்தார். விட்டது சனியன் என்றிருந்தது அம்சவேணிக்கு.

அடுத்த மாதம் ஸ்கேன். போன வருஷம் அவள் தங்கை கல்யாணத்துக்காக மன்னார்குடி போயிருந்ததால், ஆஸ்பத்திரிக்குப் பாலசுப்ரமணியம்தான் கூடப் போயிருந்தார். இந்தத் தடவை அவளே போனாள்.

நல்லவேளை, இந்த ஹிந்தி ஊரிலும் டாக்டர் தமிழர். படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். கட்டி துளிகூட வளரவில்லை, ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த வருஷம் வந்தால் போதும் என்றார். அம்சவேணிக்குச் சந்தோஷத்தில் அங்கேயே அழுகை வந்துவிட்டது.

"எங்கே, பல்லைக் காட்டுங்க."

மாணிக்கம் காட்டினார். டாக்டர் கன்னத்தை உப்பச் சொன்னார். விசிலடிக்கச் சொன்னார். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அடிமேல் அடிவைத்து நடக்கச் சொன்னார்.

மாணிக்கம் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனதும், இதெல்லாம் எதற்கு என்று அம்சவேணி கேட்டாள்.

"கட்டி வளர்ந்து அழுத்தினா நடை தள்ளாடும், முகம்கூடக் கோணலாம்மா. இதை அவர்கிட்ட சொன்னா நாள் பூரா கண்ணாடி முன்னாடியே நிப்பார். அதான் போன தடவை கூட வந்தவர்கிட்ட மட்டும், 'விளையாட்டு மாதிரி நீங்க பார்த்துக்குங்க, வெளியில சொல்லாதீங்க'ன்னேன். பாவம், மாசாமாசம் போன் பண்ணி, 'சிரிப்பு நேரா இருக்கு டாக்டர்'னு சொல்லிடுவார்."

படத்தை உறையில் போட்டு அவளிடம் நீட்டினார் டாக்டர்.

"இந்த மாசம்தான் போன் வரலை. அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"