எருமையின் தாய்மொழி

"அந்தச் செவுத்து மேல ஒரு சொட்டு சுண்ணாம்பு பட்டுது, உன் கைய ஒடச்சுடுவேன்!"

மணியக்காரர் வீராசாமி போட்ட சத்தத்தில் கங்கையா வாளியோடு பின்வாங்கினான். மறுநாள் எல்லை ஆபீசர் வருகிறார், அதற்குள் சாவடிச் சுவருக்கு வெள்ளையடித்துவிடு என்று பஞ்சாயத்தார் அவனை அனுப்பியிருந்தார்கள். விஜயபுரத்தில் பாதி ஊர் அங்கே கூடிவிட்டது.

சுவரில் கரித்துண்டால் வரைந்த படம் ஒன்று. ஊர் ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று முடிவு செய்ய வீடு வீடாகப் போன அதே ஆபீசர், நோட்டும் பேனாவுமாக ஓர் எருமையின் முன்னால் நிற்கிறார். "ஊட்ல இன்னா பாஷை பேசுவீங்க?" என்று கீழே எழுதியிருந்தது. எருமை அவரைச் சட்டை செய்யாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது.

மதராஸிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய வேதாச்சலம் அந்த எருமையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் ஒரு வாரப் பத்திரிகையின் உதவி ஆசிரியர். புதுப்புது ஓவியர்களைத் தேடிப் பிடித்து வாரம் ஒருவரை வாசகர்களுக்கு அறிமுகம் செய்வது அவர் வேலை.

திருமலைக்குப் போய்த் திரும்பிய ஆசிரியர், கார் பஞ்சரான புண்ணியத்தில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். "ஆளோடு வா. இல்லாவிட்டால் நீயும் வராதே" என்று வேதாச்சலத்தை அனுப்பிவிட்டார். சொன்னதைச் செய்கிற மனுஷர் அவர்.

"மூணு நாளா மழைன்னு சொன்னாங்களே, கரிப்படம் எப்படிம்மா அழியாம இருக்கு?" என்று இட்லிக் கடை சந்திரம்மாவைக் கேட்டார் வேதாச்சலம்.

"மணியக்காரருதான் சார் ஓலத் தட்டி கட்டினாரு. சாட்சி அழிஞ்சுடக் கூடாதாம். தொப்பலா நனஞ்சுக்கினே கட்டினாரு."

"பின்ன?" மணியக்காரரின் மீசை துடித்தது. "நாளைக்கு ஆபீசரு வந்து நிப்பாரு. போட்டவனப் புடிச்சுக் குடுக்கலன்னா என் உத்தியோகம் பூடும். எல்லாரும் கைய நீட்டுங்கடா!"

வரிசையாகக் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் சந்திரம்மாவிடம் நின்றார். "உன் கைல ஏது இம்மாங் கரி?"

"எங்கைல கரி இல்லன்னா காலைல நீங்க இட்லி துன்ன முடியுமா?"

மணியக்காரர் அடுத்த கைக்குப் போய்விட்டார்.

வேதாச்சலம் நயமாகப் பேசிப் பார்த்தார். "யாரும் பயப்பட வேண்டாம். படம் போட்டவருக்கு எங்க பத்திரிகையில வாரா வாரம் இடம் உண்டு. பேர், போட்டோ எல்லாம் வரும். மதராஸே அவரைப் பத்திப் பேசும்."

கங்கையாவுக்கு ஆசை வந்துவிட்டது. வாளியைக் கீழே வைத்தான். "நான்தான் சார்."

"நீயா?" மணியக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. "நீயாடா போட்ட இத?"

வேதாச்சலம் ஒரு கரித்துண்டைக் கொடுத்து இன்னோர் எருமை போடச் சொன்னார். கங்கையா வியர்க்க விறுவிறுக்கப் போட்டு முடித்தது, பூசணிக்காய்க்கு நாலு கால் முளைத்த மாதிரி இருந்தது.

"இது எருமையா?"

"ஒடம்பு சரியில்லாத எரும சார்."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. வேதாச்சலத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மெயின் ரோட்டில் கடைசி பஸ் ஹாரன் அடித்தது. வெறுங்கையோடு போய் ஆசிரியர் முகத்தில் எப்படி விழிப்பது?

அவரிடம் சொல்ல ஒரு சமாதானமாவது கிடைக்காதா என்று படத்தைக் கடைசியாக ஒரு தடவை உற்றுப் பார்த்தார். கிடைத்துவிட்டது.

"போகட்டும் விடுங்க மணியக்காரரே. ஆள் கிடைச்சிருந்தாலும் நாங்க எடுத்திருக்க மாட்டோம். எருமைக்கு ஒரு காதைக் காணோம் பாருங்க. இவன் எருமையையே பார்த்ததில்லை போலிருக்கு. சுத்தக் கத்துக்குட்டி!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். பத்தடி போயிருக்க மாட்டார், முதுகுக்குப் பின்னால் மணியக்காரரின் குரல் இடி மாதிரி இறங்கியது.

"யோவ், நில்லுய்யா! அது தலையத் திருப்பிக்கினு கீது, இன்னொரு காது எப்புடித் தெரியும்? எங்கூட்டு எருமைய அர நாளு நிக்க வெச்சுப் பாத்துப் போட்டன்யா!"