சுருட்டை எழுதிய ஏழு

“மேடம், சுருட்டை ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கா!”

வகுப்பே திரும்பிப் பார்த்தது. சொன்ன நெட்டை உட்காரவில்லை. திரையில் சுருட்டையின் ப்ரோகிராமுக்குத் தொண்ணூற்றெட்டு சதவீதம், தன்னுடையதற்கு எண்பத்தொன்பது. முதலில் வருபவருக்கு மேடத்தின் ஆராய்ச்சிக் குழுவில் இடம். இருப்பதோ ஒரே இடம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பாடம் மெஷின் லேர்னிங். வகுப்பில் ஒவ்வொருவரும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை கையால் எழுதிப் பொது ஃபோல்டரில் ஏற்ற வேண்டும். எல்லாருடைய எழுத்தையும் காட்டிக் காட்டி, எண்களை அடையாளம் காணக் கம்ப்யூட்டரைப் பழக்க வேண்டும். அந்த எண்களில், அதாவது டேட்டாவில், யாராவது கை வைத்தால் மதிப்பெண் பூஜ்யம் என்று மேடம் முதலிலேயே சொல்லியிருந்தார்.

“நீங்க பரீட்சைக்குன்னு தனியா வெச்ச எண்களை முன்னாடியே பார்த்து, அதையே பழக்கியிருப்பா மேடம். இல்லேன்னா இவளுக்கு எப்படி இவ்வளவு வரும்?”

சுருட்டை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டைக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. சண்டைக்காவது வரக் கூடாதா?

“அதெல்லாம் என்கிட்ட பத்திரமாத்தான் இருந்துச்சு,” என்றார் மேடம். “அவளோடது இருக்கட்டும். உன்னோடது எங்கே சறுக்குதுன்னு பார்ப்போம்.”

நெட்டையின் ப்ரோகிராம் தப்பாகச் சொன்ன எண்கள் திரையில் வரிசையாக வந்தன. வால் சுருண்ட இரண்டு. நடுவில் கோடு போட்ட ஏழு. மறுபடியும் அதே ஏழு.

“அட, எல்லாமே சுருட்டை எழுத்து!” என்று யாரோ சிரித்தார்கள்.

மேடம் சிரிக்கவில்லை. “மத்தவங்க எழுத்தை எல்லாம் சரியா சொல்லுது. இவ எழுத்தை மட்டும் உன் ப்ரோகிராம் பார்த்ததே இல்ல போலிருக்கே. ஏம்மா?”

நெட்டை தலையைக் குனிந்துகொண்டாள். ‘இதுலயும் இவ மூஞ்சியைப் பார்க்கணுமா’ என்று தன் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்ததிலிருந்து சுருட்டையின் எண்களை மொத்தமாக அழித்தவள் அவள்தானே!

“மேடம்...” சுருட்டை எழுந்தாள். “தப்பு என்னோடது. நான்தான் கடைசி நாள் ஏத்தினேன். இவ அதுக்கு முன்னாடியே டவுன்லோட் பண்ணிட்டா, பாவம்.”

“அப்படியா? சரி, அதையும் சேர்த்துப் பழக்கிக் கொண்டு வா. அப்புறம் இடம் யாருக்குன்னு முடிவு பண்றேன்.”

நெட்டை தலை நிமிரவில்லை. வகுப்பிலேயே முதல் ஆளாக எண்களை ஏற்றியவள் சுருட்டை. நெட்டைக்கு அது நன்றாகத் தெரியும். அன்றைக்கு அதற்கும்கூடப் பொறாமைப்பட்டிருந்தாள்.