ஒன்பது நிமிஷச் சுவர்

"கடிகாரத்துல ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. கோளாறு உங்க சுவத்துலதான் இருக்கணும்" என்றார் ஜெபசீலன்.

பாளையங்கோட்டையில் கடிகாரம் பழுது பார்ப்பவர் அவர். அந்தச் சுவர்க் கடிகாரத்தை மூன்றாவது தடவையாகச் சுமந்துகொண்டு ஆற்றைத் தாண்டி வந்திருந்தார்.

"சுவரு என்னவே செய்யும்?" என்று வீட்டுக்காரர் காந்திமதிநாத பிள்ளை முறைத்தார்.

"எங்க கடையில பத்து நாள் ஓடிச்சு. எங்க வேதக்கோயில் மணிக்கு ஒரு நிமிஷம் பிசகல. இங்கன கொண்டாந்து மாட்டுனா அன்னைக்கே ஒம்பது நிமிஷம் பிந்துதுன்னு சொல்லுதீங்க. சுவரு சாஞ்சிருந்தா பெண்டுலம் இடிக்கும்லா?"

"ஒம்பது நிமிஷம்தானவே! முள்ளைத் தள்ளிவச்சுட்டுப் போரும்."

"அது மட்டும் முடியாது. நோயைக் கண்டுபிடிக்கணும் அண்ணாச்சி, மறைக்கப்படாது."

கதவுக்குப் பின்னால் நின்ற மருமகள் நீலாம்பாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அது அவள் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்த கடிகாரம். இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. இந்த 1905ஆம் வருஷத்து ஆனி நடுவில் அதை நம்பி ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாமனார், ஸ்டேஷனில் ரயிலின் வாலைத்தான் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் அங்குள்ள கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒப்பிடுவார். தினமும் ஒன்பது நிமிஷம் பிந்தல்.

"சம்பந்தி ஏமாந்தாரா, நம்மளை ஏமாத்துனாரா?" என்று பந்தியில் பத்துப் பேர் கேட்கச் சொன்னாரே, அந்தச் சொல்தான் அவளுக்கு ஆறவில்லை.

"எங்கப்பா குடுத்த கடிகாரம் பொய் சொல்லாது மாமா" என்றாள் உள்ளிருந்தபடியே. "கெட்டுப்போனதுன்னா இன்னைக்கு அஞ்சு, நாளைக்குப் பத்துன்னுலா பிந்தும்? இது ஒம்பதுலயே நிக்கி."

"அப்ப ஸ்டேஷன் கடிகாரம் பொய் சொல்லுதோ? ரயில் கம்பெனிக் கடிகாரம்மா அது!"

அரிவாள்மணை வாங்குவதானாலும் ஊரெல்லாம் யோசனை கேட்கிற மனிதர் பிள்ளை. இதற்கும் கேட்டார். பென்ஷன் வாங்கின கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார், "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கும்" என்றார். ஜோசியர், அந்தச் சுவரில் சனி பார்வை என்றார். கொத்தனார் இசக்கி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ரெண்டு நூல் சாய்வு இருக்குய்யா. பூசியும் பாக்கலாம். ஆனா இடிச்சுக் கட்டுனாத்தான் உங்களுக்கு நிம்மதி."

கொத்தனாரிடம் சுவரைக் காட்டினால் வேறென்ன சொல்வார்? சுவர் இடிந்தது. வீட்டார் இருபது நாள் சோற்றோடு புழுதியையும் தின்றார்கள். கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பில் புதுச்சுவர் எழுந்து, கண்ணாடிபோல் நின்றது. ஜெபசீலனே வந்து, தம் சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்து, கடிகாரத்தை மாட்டிவிட்டுப் போனார்.

பிள்ளை ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பினார். முகம் கறுத்திருந்தது.

"ஒம்பது" என்றார். "சுவரு போச்சு, சுண்ணாம்பு போச்சு. நாளைக் காலை வண்டியில இது அம்பாசமுத்திரம் போகட்டும். சம்பந்தி சரக்கு சம்பந்திக்கே."

நீலாம்பாளின் கணவன் விட்டத்தைப் பார்த்தான். அப்பா பேசும்போது அவன் பார்க்கிற இடம் அதுதான்.

நீலாம்பாள் அழவில்லை. "கடிகாரம் போற வண்டியிலதான் நானும் போவேன் மாமா. அது சரின்னு உங்க வாயால சொல்லுத அன்னைக்கு ரெண்டும் சேந்து திரும்பி வாறோம்."

"போயேன்! கொண்டுபோய் விட நானே வாறேன்" என்றார் பிள்ளை. சொல்லிவிட்டாரே தவிர, அன்று அவருக்கு இலையில் கை ஓடவில்லை.

மறுநாள் ஸ்டேஷனில், பத்தமடைப் பாயில் சுற்றிய கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நீலாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை டிக்கெட்டோடு வந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் தேவசிகாமணி எதிர்ப்பட்டார்.

"என்ன அண்ணாச்சி, மருமக மடியில பிள்ளை மாதிரி என்னது?"

பிள்ளை கொட்டித் தீர்த்தார். மூன்று தடவை பழுது பார்த்தது, சுவரை இடித்தது, அதற்குப் பிறகும் ஒன்பது நிமிஷம் பிந்துவது, எல்லாவற்றையும்.

"சரியா ஒம்பதா? எப்பருந்து?"

"ஆனி நடுவுலருந்து."

தேவசிகாமணி டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் நோட்டீஸைக் காட்டினார். "ஊரெல்லாம் யோசனை கேட்டீங்களே, அண்ணாச்சி, இங்கன வந்து ஒரு வார்த்தை கேக்கப்படாதா? தேசம் பூரா ரயிலுக்குப் புது நேரம் வந்துட்டு. ஊருக்குள்ள மணியும் உங்க மருமக மடியில இருக்கதும் இன்னும் பழைய மெட்ராஸ் நேரம், அச்சுப் பிசகல. ஆனி நடுவுல நாந்தான் ஏணி போட்டு ஏறி, எங்க கடிகாரத்தை ஒம்பது நிமிஷம் முன்னால தள்ளிவச்சேன்."

அம்பாசமுத்திரம் வண்டி வந்து நின்றது. நீலாம்பாளும் கடிகாரமும் வீட்டுக்குத் திரும்ப, வாங்கின டிக்கெட்டில் சம்பந்தியிடம் மன்னிப்புக் கேட்க ஏறியவர் காந்திமதிநாத பிள்ளை.