பதிலுக்கு விட்ட இடைவெளி

ஒலிபரப்பு அறைக் கதவின் மேல் சிவப்பு பல்பு எரிகிறது. அது எரியும்போது யாரும் உள்ளே போகக் கூடாது. அதனால் அறிவிப்பாளர் இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு வெளியே நிற்கிறார். தலைக்கு மேல் ஒலிபெருக்கியில் அவருடைய ஜோடி அறிவிப்பாளர், நேயர்கள் வாயாடி என்று கூப்பிடுகிறவள், காலை நிகழ்ச்சியில் வெளுத்து வாங்குகிறாள். "என்னண்ணே, இன்னைக்காவது குளிச்சீங்களா?" என்று கேட்டு நிறுத்துகிறாள். அவர்தான் உள்ளேயே இல்லையே. அப்போதுதான் உறைக்கிறது, ஓடுவது பதிவு. சீக்கிரம் கிளம்ப வேண்டிய நாட்களில் அவள் தன் பங்கை மட்டும் பேசிப் பதிந்து, அவருக்கு இடைவெளி விட்டு, மைக்கைத் திறந்துவைத்துப் போவாள். அவர் வந்து நேரலையில் பதில் சொல்வார். நெஞ்சு கரிக்கிறது, டாக்டரைப் பார்க்கணும் என்று நேற்றே சொன்னாள். "போறவ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, கழுத" என்று முனகியபடி முழங்கையால் கதவைத் தள்ளுகிறார்.

அவள் போகவில்லை. தோளில் மாட்டிய கைப்பையோடு, மேசையில் கன்னம் பதியக் கிடக்கிறாள். ஜன்னல் வெயில் நேராக அவள் திறந்த கண்ணில் விழுகிறது. கண் கூசவில்லை. தேநீர் தளும்பி அவர் விரல்களைச் சுடுகிறது. கோப்பைகளைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. மைக் திறந்திருக்கிறது. பக்கத்தில் கிடக்கும் ஹெட்போனிலிருந்து அவள் குரல் கசிகிறது. "சரி, மழை வருமா வராதா? நீங்களே சொல்லுங்கண்ணே." இடைவெளி. "தங்கச்சி" என்கிறார். ஊர் முழுக்க அது மட்டும் கேட்கிறது. "ஐயோ அண்ணே, உங்களோட முடியல!" என்று, அவர் சொல்லாத பதிலுக்கு அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.