திரும்பிப் பார்க்காதே

"மிட்சுயோ! அங்க என்னடி பார்வை? மேட்டுக்கு ஓடு!"

பக்கத்து வீட்டு தொகிகோ கையைப் பிடித்து இழுத்தாள். ஒலிபெருக்கிகளில் சைரன் அலறிக்கொண்டிருந்தது. அந்த மீனவக் கிராமம் மொத்தமும் கோயில் மேட்டுப் படிகளில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தது.

மிட்சுயோவுக்குக் கால் நகரவில்லை. கீழே, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு வெள்ளைக்காரன் முதுகில் பெரிய மூட்டையோடு மணலில் நடந்துகொண்டிருந்தான். இந்தக் கடலோரப் பாதையில் வாரக்கணக்கில் நடக்கிறவர்களில் ஒருவன். நின்றான். சாவகாசமாகக் கடலைப் படம் எடுத்தான்.

"அந்த ஆளுக்கு இது என்ன சத்தம்னே தெரியல, தொகிகோ."

"தெந்தென்கோ! மறந்துட்டியா? அவங்கவங்க உயிரை அவங்கவங்க காப்பாத்திக்கணும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் திரும்பவே கூடாது. நம்ம ஊர்ல பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"தெரியும்."

"உனக்குத் தெரியாமயா? போன தடவை அலை வந்தப்போ, உன் வீட்டுக்காரர் வலையை எடுக்கப் போய் நின்னப்ப, நீ திரும்பாம ஓடினியே. அதனாலதான் இன்னிக்கு என் முன்னால நிக்கிறே."

மிட்சுயோ காலையில்தான், ஒரு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு, மோரியோகாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது இந்த அலறல். பூமி ஆடவில்லை. ஆனால், ஆடாமலே அலை வந்த கதையை அவள் அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். கடலுக்கு அந்தக் கரையில் ஆடினாலே போதுமாம்.

கையை உதறிக்கொண்டு கீழே ஓடினாள்.

"ஏய்! எல்லாத்தையும் கெடுத்துடாதேடி!" என்று தொகிகோ கத்தியது காதில் விழுந்தது. யார் கேட்டார்கள்!

சுவரைத் தாண்டி மணலில் இறங்கியபோது நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கடல் சமர்த்தாகக் கிடந்தது. அன்றைக்கும் இப்படித்தான் கிடந்தது.

"சுனாமி! ஓடு! சுனாமி!"

அவன் பல்லைக் காட்டிச் சிரித்தான். குனிந்து வணக்கம் வேறு சொன்னான்.

"சிரிக்கிறியா? அறிவுகெட்டவனே! உலகத்துக்கே தெரிஞ்ச வார்த்தை, அது உனக்கு மட்டும் தெரியாதா?" அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மூட்டையைக் கழட்டு! கிடந்து போகட்டும்!"

அவன் தயங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வாயை மூடிக்கிட்டு வா!"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, படிகளில் கையை விட்டுவிட்டு முன்னால் ஏறினாள். படிக்குப் படி திரும்பிப் பார்த்தாள், அவன் வருகிறானா என்று. அவன் முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டே வந்தான்.

மேட்டில் யாரும் அழவில்லை. யாரும் கடலையும் பார்க்கவில்லை. ஊரே அவளைப் பார்த்தது. தொகிகோ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

வெள்ளைக்காரன் இடுப்பு வரை குனிந்தான். அந்த ஊர்க்காரர்கள் பேசுகிற அதே பேச்சில் சொன்னான்:

"மன்னிச்சுக்கோங்கம்மா. நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரு. கடைசி வரைக்கும் ஒண்ணும் புரியாதவனா நடிக்கணும்னு சொல்லிட்டாங்க."

ஊராட்சி அலுவலகத்து ஹதகெயாமா தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான்.

"இன்னிக்கு ஒத்திகைன்னு வீட்டுக்கு வீடு சொன்னோமே அக்கா, நீங்க ஊர்ல இல்லையா? இங்கிருந்தே கொடி காட்டி அவரை வரவழைக்கணும், யாரும் கீழே இறங்கக் கூடாது. அதுதான் பரீட்சையே. கணக்குப்படி நீங்க இப்ப செத்துட்டீங்க. ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் ஃபெயில்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மிட்சுயோ படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மறுபடியும் பற்றிக்கொண்ட வாத்தியாரின் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை.

"ஃபெயில்னே போட்டுக்க, தம்பி. போன தடவை பாஸ் பண்ணினேன். அன்னிலேர்ந்து ஒரு ராத்திரிகூட முழுசாத் தூங்கினதில்ல."