நைனாவுக்கு ஒரு சட்டை

“ரெண்டு நிமிஷம் நில்லு நைனா. தோளை மட்டும் அளந்துக்கறேன்.”

“நிக்கறதுக்கெல்லாம் நேரமில்ல கண்ணு. அந்த வலைநூலைக் குடு. நானே அளந்து முடிச்சு போட்டு எடுத்தாறேன்.”

மகளிடம் நூலை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கோதண்டம் கரைக்குக் கிளம்பிவிட்டார். காசிமேட்டில் அளவு நாடாவுக்கு எங்கே போவது? ஆழமோ நீளமோ, நூலில் முடிச்சு விழுந்தால் அதுதான் அளவு.

ராஜாத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் போதும், தையல் கற்றுக்கொள்கிறேன் என்று வீட்டில் மல்லுக்கு நின்றவள் அவள். முதல் தையலே நைனாவுக்குச் சட்டை. பிறந்ததிலிருந்து மேலே துண்டைத் தவிர வேறு எதுவும் போட்டறியாத மனுஷன். புதன்கிழமை அவருடைய கட்டுமரக் கூட்டாளி சவரிநாதனின் மகளுக்கு ராயபுரம் மாதா கோயிலில் கல்யாணம். அங்கே நைனா சட்டையோடு போய் நிற்க வேண்டும். அவள் தைத்த சட்டை என்று நாலு பேர் சொல்ல வேண்டும்.

“பொண்ணைப் பெத்த சவரியே வெறும் துண்டோட வரப்போறான். எனக்கு எதுக்கு சட்டை?” என்று முதலிலேயே கேட்டார் கோதண்டம்.

“ஏன், சவரி மாமாகிட்ட சட்டை இல்லியா?”

“இருந்த ஒண்ணும் நைஞ்சி பூட்ச்சி. நாம குடுத்தா வாங்குவானா? பீடி நீட்டினாலே மூஞ்சியத் திருப்பிக்கிற ஆளு.”

“அப்போ அவரு துண்டோட வரட்டும். நீ சட்டை போடு” என்று ராஜாத்தி முடித்துவிட்டாள்.

சாயங்காலம் நூல் வந்தது. தோளுக்கு ஒரு முடிச்சு, மாருக்கு ரெண்டு, கைக்கு மூணு.

துணிக்கு ரேஷன் போட்டிருந்த காலம்; கன்ட்ரோல் கடை வரிசையில் இடிபட்டு வாங்கிய ஒரே துண்டு மல்துணி. கெடுத்தால் வேறு கிடையாது. பக்கத்து வீட்டு மங்கம்மா தன் கைமிஷினை இரவல் கொடுத்தாள். கூடவே தானும் வந்து உட்கார்ந்துகொண்டாள். மிஷினைவிட அவள் வாய்தான் அதிகம் ஓடியது.

முதலில் ஊசி உடைந்தது. அடுத்து, அடிநூல் சிக்கிக் குருவிக்கூடாகச் சுருண்டது. அதைப் பிரித்துச் சரிசெய்து இரண்டு கையையும் தைத்து முடித்து, பெருமையாகத் தூக்கிக் காட்டினாள்.

மங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னாடி, ரெண்டும் இடது கையா கீது? உங்க நைனாவுக்கு சோத்துக் கையே இல்லியா?”

ராஜாத்தி பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தாள். மறுபடி தைத்தாள். காலர் உள்பக்கம் திரும்பிக்கொண்டது. அதையும் பிரித்தாள்.

“இன்னொண்ணு சொல்றேன், கோச்சிக்காத. சட்டை இம்மாத்தூண்டு கீது. உங்க நைனா தோளு இன்னா, இது இன்னா?”

“அளவு எடுத்தது அவருதான்க்கா. அவரு தோளு அவருக்குத் தெரியாதா?”

அப்படிச் சொல்லிவிட்டாலும், ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லி நைனாவிடம் கெஞ்சினாள்.

“முழுசா ஆவட்டும். பாதி சட்டை போட்டுக்க நான் இன்னா கூத்தாடியா?”

செவ்வாய்க்கிழமை சட்டை முடிந்தது. கோதண்டம் ஒரு கையை நுழைத்தார். மறு கை பாதி வழியில் நின்றுவிட்டது. பொத்தான் ஒரு பக்கம். காஜா ஒரு சாண் தள்ளி அந்தப் பக்கம்.

“நான் சொல்லல?” என்றாள் மங்கம்மா, தெருவுக்கே கேட்கும்படி.

ராஜாத்தியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. “எல்லாம் பூட்ச்சி. ஒரே துணி.”

“பொண்ணு மேல தப்பில்ல” என்று கோதண்டம் அதைவிடச் சத்தமாகச் சொன்னார். “நூலு கடல்தண்ணில நனைஞ்சி சுருங்கிடுச்சி. நான் கவனிக்கல.”

“நூலு நனைஞ்சா சுருங்கும்னுகூடத் தெரியாம நீயெல்லாம் மீன் புடிக்கிறியா?” என்றாள் மங்கம்மா.

கோதண்டம் தலையைச் சொறிந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சவரிநாதன் வந்தார், மறுநாள் கல்யாணத்துக்கு இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போக.

“டேய் சவரி, இதப் போட்டுப் பாரு. உனக்கும் பத்தலேன்னா சட்டி புடிக்கத்தான் ஆவும்.”

“எனக்கு எதுக்குடா?”

“யாரு உனக்குக் குடுத்தா? வீணாப்போன துணிடா. பொண்ணு அழுவுது பாரு.”

சவரிநாதன் சட்டையைப் பார்த்தார். ராஜாத்தியைப் பார்த்தார். வாங்கி மாட்டிக்கொண்டார். தோள், மார்பு, கை, எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

“ஷோக்கா கீதே!” என்று மங்கம்மாவே வாயைப் பிளந்தாள்.

புதன்கிழமை அந்தச் சட்டையோடு சவரிநாதன் மகள் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்தார். சட்டை யார் தைத்தது என்று நாலு பேர் கேட்கவும் செய்தார்கள். கோதண்டம் அதே பழைய துண்டோடு ஓடியாடிப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ராஜாத்திக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. மனசில் பட்டதை அடக்கிவைத்துப் பழக்கமில்லாதவள். சவரிநாதனிடமே போய் நின்றாள்.

“நீயே சொல்லு மாமா. எங்க நைனாவுக்கு புத்தி கீதா? ஒரு நூலை நனைக்காம எடுத்தாரத் தெரியல!”

சவரிநாதன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

“நூலு நனையல கண்ணு. அன்னிக்கி நான் கரையில கண்ணை மூடிகினு படுத்திருந்தேன். உங்கப்பன் பூனையாட்டம் வந்து என் தோள்ல நூலை வெச்சான், மாரைச் சுத்தினான், கையை நீட்டிப் பாத்தான். கிச்சுகிச்சு தாங்கல. பல்லைக் கடிச்சிகினு குறட்டை வுட்டேன். அவங்கிட்ட சொல்லிடாத. பாவம், ரொம்ப கஷ்டப்பட்டு மறைச்சிகினு கீறான்.”